பட்டியலில் விடுபட்ட எண்

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில், விடத்தல்தீவைச் சேர்ந்த பழைய மாணவியும் ஓய்வுபெற்ற கணித ஆசிரியையுமான ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நூற்றாண்டு விழாவில் பேச வேண்டும் என்று சங்கச் செயலாளர் கேட்டபோது, "ரீச்சர், கணக்கு மட்டும் வேண்டாம், பழைய நினைவுகளைச் சொல்லுங்கோ" என்றார். முப்பத்தைந்து வருடம் கணக்குப் படிப்பித்தவளிடம் கணக்கு வேண்டாம் என்பது, தோணிக்காரரிடம் கடலைப் பற்றிக் கதைக்காதேயுங்கோ என்பது போன்றது. ஆகவே இரண்டையும் சேர்த்துச் சொல்லப்போகிறேன். ஓர் எண்ணைப் பற்றியும் ஒரு பிள்ளையைப் பற்றியும் இன்று பேசுவேன். எண் பெரிது. பயப்பட வேண்டாம், பரீட்சை கிடையாது.

முதலில் நமக்கெல்லாம் தெரிந்த ஒரு சிறிய எண்ணில் தொடங்குகிறேன். எங்கள் காலத்தில் இல்ல மெய்வல்லுநர் போட்டிக்கு ஒவ்வொரு இல்லமும் உடற்பயிற்சிக் குழு ஒன்றை இறக்கும். ஒரு குழுவில் 24 பிள்ளைகள். ஏன் 24 என்று நான் அப்போது யோசித்ததில்லை. ஆசிரியை விசில் ஊதினால் இரண்டு வரிசையாக நிற்போம், ஆளுக்குப் பன்னிரண்டு பேர். மறுபடி ஊதினால் மூன்று வரிசை, வரிசைக்கு எட்டுப் பேர். பிறகு நான்கு, ஆறு, எட்டு, பன்னிரண்டு. எப்படிப் பிரிந்தாலும் ஒருவரும் மிஞ்சமாட்டார்கள். பார்ப்பவர்களுக்கு அது நடனம் போல இருக்கும்.

ஒரு வருடம் போட்டிக்கு முதல்நாள் ஒத்திகையில் ஒருத்திக்குக் காய்ச்சல். 23 பேர் நின்றோம். இரண்டு வரிசைக்கு ஒருத்தி மிஞ்சினாள். மூன்று வரிசைக்கு இரண்டு பேர். நான்குக்கு மூன்று பேர். ஐந்தும் சரிவரவில்லை, ஆறும் சரிவரவில்லை. ஆசிரியை விசிலைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "ஒருத்தி வராததுக்கு இவ்வளவு குழப்பமா?" என்றார். அந்தக் கேள்விக்கு விடை எனக்குப் பல வருடங்களுக்குப் பிறகுதான் விளங்கியது. 24ஐ மீதியின்றி வகுக்கக்கூடிய எண்கள் எட்டு: 1, 2, 3, 4, 6, 8, 12, 24. இவற்றை அதன் காரணிகள் என்கிறோம். 23க்கோ இரண்டே காரணிகள்: 1, 23. இப்படி இரண்டே காரணிகள் உள்ளதை முதன்மை எண் என்று நாங்கள் படித்தோம். தமிழ்நாட்டிலும் வேறு நாடுகளிலும் படித்த பேரப்பிள்ளைகள் பகா எண் என்பார்கள். இந்த 23ஐ மறந்துவிடாதேயுங்கோ, கடைசியில் திரும்பி வரும்.

பங்கு போடுகிற ஊர் எங்கள் ஊர். கடலுக்குப் போய் வந்தால் தோணிக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, போன ஆட்களுக்கு ஆளுக்கொரு பங்கு. இன்றைக்கு ஐந்து பங்கு, நாளைக்கு ஆறு பங்கு. கணக்குத் தெரியாத என் அப்பாச்சிகூட, நூறு இறாலைவிட அறுபது இறாலைப் பங்குபோடுவது சுகம் என்று சொல்லுவா. எத்தனை பேர் வந்தாலும் அறுபது ஒத்துப்போகும். 100க்குக் காரணிகள் ஒன்பதுதான். அதைவிடச் சிறிய 60க்குப் பன்னிரண்டு. நம் முன்னோர் ஒரு நாளை 60 நாழிகையாகப் பிரித்தார்கள், ஒரு நாழிகையை 60 விநாடியாகப் பிரித்தார்கள். பிரபவ முதல் அட்சய வரை ஆண்டுகளுக்கும் 60 பெயர் வைத்தார்கள். மேற்கிலும் மணிக்கு 60 நிமிடம், வட்டத்துக்கு 360 பாகை. கிரேக்க ஞானி பிளேட்டோ தன் இலட்சிய நகரத்தில் 5040 குடும்பத் தலைவர்கள் இருக்க வேண்டும் என்று எழுதினார். காரணம், அந்த எண்ணை 1 முதல் 10 வரை எதனாலும் மீதியின்றி வகுக்கலாம். அதற்கு மொத்தம் 60 காரணிகள். பிரித்துக் கொடுக்க வேண்டிய தேவை உள்ள இடத்திலெல்லாம் மனிதர் இந்த மாதிரி எண்களைத்தான் தேடிப் போயிருக்கிறார்கள்.

இந்த எண்களைப் பற்றி முறையான ஆராய்ச்சி செய்து பெரிய கட்டுரை எழுதியவர் நம் மொழி பேசிய ஒருவர். ஈரோட்டில் 1887ஆம் ஆண்டு டிசம்பர் 22இல் பிறந்து, கும்பகோணத்தில் வளர்ந்த சீனிவாச இராமானுஜன். கணக்கைத் தவிர மற்றப் பாடங்களில் கவனம் இல்லாததால் கல்லூரிப் பரீட்சையில் தோற்றவர். கடதாசி வாங்கக் காசில்லாமல் சிலேட்டில் கணக்குப் போட்டு, கையாலேயே அழித்தவர். சென்னைத் துறைமுகத்தில் எழுதுவினைஞராக இருந்துகொண்டு 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜிலிருந்த ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். அடுத்த வருடம் மார்ச் 17இல் கப்பலேறினார். அதே 1914இல்தான் பாம்பன் பாலம் திறந்து, தனுஷ்கோடிக்கும் நம் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கியது. நம் கடலில் ஒரு வழி திறந்த வருடத்திலேயே அவருக்கும் ஒரு வழி திறந்தது.

1915இல் லண்டன் கணிதச் சங்கத்தின் வெளியீட்டில் அவருடைய நீண்ட கட்டுரை வந்தது. அதற்கடுத்த வருடம் கேம்பிரிட்ஜ் அவருக்குப் பட்டம் கொடுத்ததும் பெரும்பாலும் இந்த ஆராய்ச்சிக்காகத்தான். அவர் கேட்ட கேள்வி எளிது. தன்னைவிடச் சிறிய எந்த எண்ணையும்விட அதிகம் காரணிகள் உடைய எண்கள் எவை? அப்படிப்பட்டதை மிகுபகு எண் என்று சொல்லிக்கொள்வோம். 12 அப்படிப்பட்டது. அதற்கு ஆறு காரணிகள். 12க்குக் கீழே எந்த எண்ணுக்கும் ஆறு காரணிகள் கிடையாது. 18க்கும் ஆறு காரணிகள்தான், ஆனால் 12 முந்திவிட்டது. எனவே 18 சேராது. இப்படி 24, 36, 48, 60, 120, 180, 240, 360 என்று வரிசை போகும்.

காரணிகளை ஒவ்வொன்றாக எண்ண வேண்டியதில்லை. ஒரு சுருக்கு வழி இருக்கிறது. தங்கைமாரே, ஒன்பதாம் வகுப்பில் இதை நான் உங்களுக்குக் காட்டியிருப்பேன். 60ஐ முதன்மை எண்களாக உடைத்தால் இரண்டு 2, ஒரு 3, ஒரு 5. ஒரு காரணியை உண்டாக்க, 2ஐ எடுக்காமல் விடலாம், ஒருதரம் எடுக்கலாம், இருதரம் எடுக்கலாம். அது மூன்று வழி. 3ஐ எடுக்கலாம் அல்லது விடலாம், இரண்டு வழி. 5க்கும் இரண்டு வழி. மூன்றை இரண்டால் பெருக்கி மறுபடி இரண்டால் பெருக்கினால் பன்னிரண்டு. கலியாண வீட்டில் எந்தக் கறியை எத்தனை அகப்பை போடுவது என்று தெரிவு செய்வது போலத்தான்.

இராமானுஜன் கண்ட ஒரு விதியைச் சொல்கிறேன். மிகுபகு எண்ணில் சிறிய முதன்மை எண் எத்தனை தரம் வருகிறதோ, அதைவிட அதிகமாகப் பெரிய முதன்மை எண் வரக்கூடாது. 18இல் ஒரு 2, இரண்டு 3. அவற்றை இடம்மாற்றி இரண்டு 2, ஒரு 3 என்று வைத்தால் 12. காரணிகள் அதே ஆறு, எண்ணோ சிறிது. ஆகவே 18க்கு இடமில்லை. இன்னொரு விதி: கடைசியாக வரும் முதன்மை எண் ஒரே ஒரு தரம்தான் வரும். 4, 36 ஆகிய இரண்டு எண்களுக்கு மட்டும் விலக்கு. இப்படி விதிகளைக் கண்டு, அவற்றைக் கொண்டு அவர் ஒரு பட்டியலும் தயாரித்தார். நூற்றுக்கு மேற்பட்ட எண்கள். கடைசி எண் 6,746,328,388,800. கணிப்பான் இல்லை, கணினி இல்லை. கடதாசியும் பேனாவும் தலையும்தான்.

அந்தப் பட்டியலில் ஓர் எண் விடுபட்டுப்போயிற்று.

பின்னர் வந்த கணிதவியலாளர்கள் திரும்பவும் கணக்கிட்டுப் பார்த்தபோது தெரியவந்த எண் இதுதான்: 293,318,625,600. நம் முறையில் வாசித்தால், இருபத்தொன்பதாயிரத்து முந்நூற்று முப்பத்தொரு கோடியே எண்பத்தாறு இலட்சத்து இருபத்தையாயிரத்து அறுநூறு.

இந்த எண்ணின் குணங்களைப் பாருங்கோ. முதன்மை எண்களாக உடைத்தால் ஆறு 2, நான்கு 3, இரண்டு 5, இரண்டு 7, பிறகு 11, 13, 17, 19 ஒவ்வொன்று. எண்ணிக்கை 6, 4, 2, 2, 1, 1, 1, 1 என்று படிப்படியாக இறங்குகிறது, கடைசி ஒன்று. இராமானுஜன் சொன்ன விதிகள் அப்படியே பொருந்துகின்றன. காரணிகள் எத்தனை? ஒவ்வொன்றோடும் ஒன்றைக் கூட்டிப் பெருக்க வேண்டும். 7, 5, 3, 3, பிறகு நான்கு 2. வீட்டுக்குப் போய்ப் பெருக்கிப் பாருங்கோ, 5040 வரும். பிளேட்டோவின் நகரத்து எண் இங்கே வந்து நிற்கிறது. அந்த 5040உம் ஒரு மிகுபகு எண்தான். விடுபட்ட எண்ணை 1ஆலும் வகுக்கலாம், 2ஆலும் வகுக்கலாம், 3, 4, 5 என்று 22 வரை ஒன்றுவிடாமல் வகுக்கலாம். எந்த எண்ணில் முதன்முதலாகத் தடக்குகிறது தெரியுமா? 23இல். அன்று மைதானத்தில் எங்களைக் குழப்பிய அதே 23.

அது எப்படி விடுபட்டிருக்கும்? இராமானுஜனின் மனதுக்குள் புகுந்து பார்க்க என்னால் முடியாது. ஆனால் அந்த இடத்தைச் சுற்றி நடந்து பார்க்கலாம். பட்டியலில் அதற்கு முன்னால் நிற்பது 195,545,750,400. அதற்கு 4608 காரணிகள். பின்னால் நிற்பது 321,253,732,800. அதற்கு 5376 காரணிகள். இரண்டும் சரியான எண்கள்தான். 4608க்குப் பிறகு 5376 என்று எழுதியிருந்தால் பார்ப்பவருக்குச் சந்தேகம் வராது. எண் கூடுகிறது, காரணியும் கூடுகிறது. வரிசையில் ஓட்டை இருப்பது கண்ணுக்குத் தெரியாது.

ஆனால் விதியைக் கையில் வைத்துக்கொண்டு போனால் தெரியும். முன்னால் நிற்பவரிடம் ஏழு 2உம் மூன்று 3உம் இருக்கின்றன. ஒரு 2ஐ எடுத்துவிட்டு ஒரு 3ஐக் கொடுங்கள். ஆறு 2, நான்கு 3 ஆகிறது. மற்றவற்றைத் தொடவே வேண்டாம். இதுவரை எட்டை நான்கால் பெருக்கி 32, இனி ஏழை ஐந்தால் பெருக்கி 35. காரணிகள் 4608இலிருந்து 5040ஆகக் கூடிவிட்டன. எண்ணோ ஒன்றரை மடங்குதான் ஆகியிருக்கிறது. அதுதான் நம் விடுபட்ட எண். அதிலிருந்து ஒரு 3ஐயும் ஒரு 7ஐயும் எடுத்துவிட்டு 23ஐச் சேர்த்தால் பின்னால் நிற்பவர் வந்துவிடுகிறார். அதாவது 21ஆல் வகுத்து 23ஆல் பெருக்குவது. இரண்டு பேருக்கும் இடையில் பத்திலொரு பங்குகூட வித்தியாசம் இல்லை. உயரமான ஒருத்திக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு நின்ற பிள்ளையைப் படம் எடுப்பவர் தவறவிட்டது போல ஆகிவிட்டது.

இப்போது அந்தப் பிள்ளையின் கதைக்கு வருகிறேன். இது என் தவறு. இதுவரை மேடையில் சொன்னதில்லை. சம்பந்தப்பட்டவரிடம் தொலைபேசியில் அனுமதி வாங்கிக்கொண்டுதான் இன்று சொல்கிறேன்.

1990களில் நாங்கள் இடம்பெயர்ந்து மடுத் திருத்தலச் சூழலில் இருந்தோம். எல்லாருக்கும் தெரிந்த கதை, விரித்துச் சொல்ல மாட்டேன். மரத்தின் கீழே வகுப்பு. கரும்பலகை ஒன்று இருந்தது, அதைத் தாங்கி நிற்கக் கால் இல்லை, மரத்தில் சாய்த்து வைத்தோம். ஆனால் வரவு இடாப்பு எங்களுடன் வரவில்லை. ஊரைவிட்டு ஓடும்போது யார் இடாப்பைத் தூக்குவார்கள்? ஒரு கொப்பியை மடியில் வைத்து, என் வகுப்புப் பிள்ளைகளின் பெயரை ஞாபகத்திலிருந்து எழுதினேன். எனக்கு என் ஞாபகசக்தியில் அப்போது பெருமை. முதல் வாங்கில் இன்னார், இரண்டாம் வாங்கில் இன்னார் என்று, வகுப்பறை கண்முன்னால் வந்தது. வாங்கு வாங்காக எழுதினேன். 38 பெயர் வந்தது. திரும்ப இரண்டுதரம் வாசித்துப் பார்த்தேன். ஓட்டை எதுவும் தெரியவில்லை.

மறுநாள் காலையில் பெயர் கூப்பிட்டேன். வந்தவர்கள் "ஓம் ரீச்சர்" என்றார்கள். வராதவர்களுக்கு எதிரே புள்ளி போட்டேன். சிலருக்கு அந்தப் புள்ளி பிறகு மாறவே இல்லை. அடுத்த நாளும் அப்படியே. மூன்றாம் நாள் வகுப்பு முடிந்து எல்லாரும் போனபிறகு ஒரு பிள்ளை மட்டும் மணலில் இருந்து எழும்பவில்லை. கடைசியில் மெதுவாக வந்து நின்றாள்.

"ரீச்சர், நான் இடாப்பில இல்லையோ?"

கொப்பியைப் பார்த்தேன். இல்லை. மூன்று நாளும் அவள் எனக்கு முன்னால்தான் இருந்தாள். நான் போட்ட கணக்குகளைச் செய்தாள். கொப்பியைக்கூடத் திருத்திக் கொடுத்திருக்கிறேன். பெயரை மட்டும் கூப்பிடவில்லை.

"ஏன் பிள்ளை முதல்நாளே சொல்லேல்லை?" என்று கேட்டேன்.

"நீங்கள் கூப்பிடாதபடியால், இனி நான் இந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை இல்லையாக்கும் எண்டு நினைச்சன் ரீச்சர்."

அவளுக்குப் பன்னிரண்டு வயது. வீடு போயிற்று, தோணி போயிற்று, தகப்பன் எங்கே என்று தெரியாத நேரம். பள்ளிக்கூடமும் தன்னை விட்டுவிட்டது என்று மூன்று நாள் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். ஆனாலும் வந்து இருந்தாள். கணக்கைச் செய்தாள்.

அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. எங்கே பிழைத்தேன் என்று யோசித்தேன். விடை சின்னது. ஊரை விட்டு வருவதற்கு ஒரு கிழமைக்கு முன்னர் அவளை நான்தான் வாங்கு மாற்றி இருத்தினேன், கரும்பலகை தெரியவில்லை என்று சொன்னபடியால். பழைய வாங்கை நினைத்தபோது அவள் அங்கே இல்லை. புதிய வாங்கை நினைத்தபோது பழைய பிள்ளைகள்தான் நினைவுக்கு வந்தார்கள். என் பட்டியல் வாங்குகளின் பட்டியலாக இருந்தது. பிள்ளைகளின் பட்டியலாக இருக்கவில்லை. அதை இரண்டுதரம் வாசித்துப் பார்த்ததில் பயன் என்ன? இல்லாத பெயர் எத்தனைதரம் வாசித்தாலும் இல்லாமல்தான் இருக்கும்.

மறுநாள் இன்னொரு வழியில் எழுதினேன். கடற்கரைத் தெருவிலிருந்து தொடங்கி, வீடு வீடாக. இந்த வீட்டில் என் வகுப்புப் பிள்ளை யார், அடுத்த வீட்டில் யார் என்று. 39 பெயர் வந்தது. பிறகு இரண்டு பட்டியலையும் பக்கத்தில் வைத்து ஒத்துப்பார்த்தேன். அன்றிலிருந்து ஓய்வுபெறும் நாள் வரை, எந்தப் பெயர்ப்பட்டியலையும் இரண்டு வழியில் எழுதி ஒத்துப்பார்க்காமல் நான் கையெழுத்து வைத்ததில்லை. மேனிக் பாமில் கூடாரத்துக்குள் வகுப்பு நடத்தியபோதும் அப்படித்தான்.

அந்த இராமானுஜன் எண்ணைப் பற்றி நான் அறிந்தது அதற்குப் பல வருடம் கழித்து. வாசித்தபோது முதலில் எனக்கு ஓர் ஆறுதல்தான் வந்தது. அப்பேர்ப்பட்டவருக்கே ஒன்று தவறியிருக்கிறது, நான் எம்மாத்திரம் என்று. பிறகு யோசிக்க யோசிக்க ஆறுதல் போய் வேறொன்று விளங்கியது. பட்டியலில் இல்லாததால் அந்த எண்ணுக்கு ஒரு காரணிகூடக் குறையவில்லை. யாரும் எழுதாத காலத்திலும் அதற்கு 5040 காரணிகள்தான். அது மிகுபகு எண்ணாக இருப்பது விதியினால், பட்டியலினால் அல்ல. அவரும் விதியைப் பிழையாகச் சொல்லவில்லை. விதி அந்த எண்ணை அழைத்துக்கொண்டே இருந்தது. கைதான் எழுத மறந்தது. 

இன்னும் ஒன்று. அந்தப் பெரிய கட்டுரையே முழுதாக அச்சாகவில்லை. லண்டன் சங்கத்துக்குப் பணமுடை. ஒரு பகுதியை விட்டுவிட்டே 1915இல் அச்சிட்டார்கள். 1920 ஏப்ரல் 26இல், 32 வயதில் இராமானுஜன் இறந்துபோனார். விடுபட்ட பகுதி கையெழுத்துப் பிரதியாகவே கிடந்தது. அதைப் பிரான்ஸ் நாட்டுக் கணிதவியலாளர்கள் நிக்கொலா, ரொபன் இருவரும் குறிப்புகளோடு ஒழுங்குபடுத்தி, 1997இல் அவர் பெயரிலேயே தொடங்கிய ஆய்விதழின் முதல் தொகுதியில் அச்சேற்றினார்கள். எழுதியவர் போய் எழுபத்தேழு வருடம் கழித்து. பிந்திவிட்டதே, இனி என்னத்துக்கு என்று அவர்கள் நினைக்கவில்லை.

அன்பான சகோதரிகளே, இதையெல்லாம் நான் ஏன் இன்று சொன்னேன் என்று இப்போது உங்களுக்கு விளங்கியிருக்கும். இந்த நூற்றாண்டு மலருக்காக நம் சங்கம் பழைய மாணவிகளின் பெயர்ப்பட்டியல் ஒன்றைத் தயாரித்திருக்கிறது. பாடசாலையின் பழைய சேர்வு இடாப்புகள் பல போரில் போய்விட்டன. மலர்க்குழுத் தங்கைமார் மாதக்கணக்காக இருந்து, ஞாபகத்திலிருந்தும் பழைய படங்களிலிருந்தும் கடிதங்களிலிருந்தும் பெயர்களைச் சேர்த்திருக்கிறார்கள். அவர்களுக்கு என் மனமார்ந்த நன்றி. அந்த வேலையின் பாரம் எனக்குத் தெரியும்.

போன மாதம் பட்டியலை என்னிடம் காட்டினார்கள். வாசித்தேன். அழகாக இருந்தது. எங்கும் ஓட்டை தெரியவில்லை. அதனால்தான் பயம் வந்தது. வீட்டுக்குப் போய் இன்னொரு வழியில் எழுதிப் பார்த்தேன். என் வகுப்பில் எனக்கு இடப்பக்கம் இருந்தவள் யார், வலப்பக்கம் இருந்தவள் யார் என்று. இடப்பக்கம் இருந்தவள் பட்டியலில் இருக்கிறாள், கனடாவில் பேரப்பிள்ளைகளோடு. வலப்பக்கம் இருந்தவள் இல்லை. அவள் முஸ்லிம் பிள்ளை. நோன்புக் காலத்தில் எனக்கு முன்னால் தண்ணீர் குடிக்காதே என்று சொல்லாமல், குடி குடி என்று சொன்னவள். 1990 ஒக்ரோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம் மக்கள் எல்லாரும் வெளியேற்றப்பட்டபோது அவளும் குடும்பத்தோடு புத்தளத்துக்குப் போனாள். நாங்கள் படங்களையும் கடிதங்களையும் வைத்துத் தேடினோம். அவர்கள் படங்களையும் எடுத்துக்கொண்டு போகவில்லை, எங்களுக்குக் கடிதம் எழுதும் நிலையிலும் இருக்கவில்லை. ஆகவே நம் வழியில் தேடினால் அவர்கள் அகப்படமாட்டார்கள். அவள் ஒருத்தி மட்டுமல்ல, ஒரு தெருவே விடுபட்டிருக்கிறது.

அதேபோலத் தோணியேறி இராமேஸ்வரம் போய், மண்டபம் முகாமில் வளர்ந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். எட்டாம் வகுப்போடு நின்று கருவாடு காயப்போட்டுத் தம்பிமாரைப் படிப்பித்த அக்காமார் இருக்கிறார்கள். அவர்கள் பரீட்சைப் பெறுபேற்றில் வரமாட்டார்கள், பரிசளிப்பு விழாப் படத்தில் வரமாட்டார்கள். 2008இலும் 2009இலும் நம்மோடு புறப்பட்டு நம்மோடு திரும்பி வராதவர்கள் இருக்கிறார்கள். அவர்களும் பழைய மாணவிகள்தான்.

நம் விதி என்ன? ஒரு தவணை என்றாலும் இந்தக் கூரையின் கீழ், அல்லது இந்தப் பாடசாலையின் பெயரில் ஒரு மரத்தின் கீழ், இருந்து படித்தவள் நம் பழைய மாணவி. அவ்வளவுதான். சந்தா கட்டினாளா, பட்டம் பெற்றாளா, எந்த நாட்டில் இருக்கிறாள், எந்த ஆலயத்துக்கு அல்லது பள்ளிவாசலுக்குப் போகிறாள் என்பதெல்லாம் விதியில் இல்லை.

மலர்க்குழுவிடம் ஒரு வேண்டுகோள் வைத்தேன், ஒத்துக்கொண்டார்கள். மலரின் கடைசியில் சில பக்கங்களைக் கோடு மட்டும் போட்டு வெறுமையாக விடுவார்கள். இந்த மலர் உங்கள் கையில் கிடைக்கும்போது, மன்னாரில் இருந்தாலும் லண்டனில், பாரிசில், ரொறன்ரோவில், சிட்னியில், சென்னையில் எங்கே இருந்தாலும், முதலில் உங்கள் பெயரைத் தேடாதேயுங்கோ. உங்களுக்கு வலப்பக்கம் இருந்தவளின் பெயரைத் தேடுங்கோ. பிறகு உங்கள் தெருவில் நடந்து பாருங்கோ. பிறகு உடற்பயிற்சிக் குழுவில் உங்களுக்கு முன்னும் பின்னும் நின்றவர்களை எண்ணிப் பாருங்கோ. இல்லாத பெயரை அந்தக் கோட்டில் எழுதி, சங்கத்துக்கும் அறிவியுங்கோ. அடுத்த பதிப்பில் வரும். பிந்திவிட்டது என்று நினைக்க வேண்டாம்.

என் வலப்பக்கத் தோழியின் பெயரை நான் எழுதிவிட்டேன். அவளைத் தேடிக் கண்டுபிடித்து விட்டோம் என்றும் சொல்ல ஆசை. புத்தளத்தில் ஒரு தங்கை விசாரித்துக்கொண்டிருக்கிறாள்.

மடுவில் நான் மறந்த பிள்ளை? அவள் இன்று ஒரு பாடசாலையில் ஆசிரியை. என்ன பாடம் என்று கேட்காதேயுங்கோ, உங்களுக்கே தெரியும். இந்தக் கதையைச் சொல்லலாமா என்று கேட்டபோது சிரித்தாள். "சொல்லுங்கோ ரீச்சர். ஆனால் நாலாம் நாள் முதலாவதாக என்ர பேரைத்தானே கூப்பிட்டனீங்கள், அதையும் சொல்லுங்கோ" என்றாள். எனக்கு அது ஞாபகம் இல்லை. அவளுக்கு இருக்கிறது.

முடிக்கும்முன் 23ஐத் திருப்பித் தருவதாகச் சொல்லியிருந்தேன். விடுபட்ட எண்ணை 22 வரை எல்லாவற்றாலும் வகுக்கலாம், 23ஆல் முடியாது என்றேன். அதை 23ஆல் பெருக்கினால் என்ன வரும்? 293,318,625,600ஐ 23ஆல் பெருக்குங்கோ. 6,746,328,388,800 வரும். அதற்கு 10,080 காரணிகள். ஒரு கிழமையில் எத்தனை நிமிடங்களோ அத்தனை. அந்த எண்ணை முன்னரே சொன்னேன். இராமானுஜனின் பட்டியலில் கடைசியாக இருப்பது அதுதான். பட்டியலில் இடம் கிடைக்காத எண், அதன் கடைசி எண்ணுக்குள் முழுதாக இருக்கிறது. தான் தவறவிட்டதையும் சுமந்துகொண்டுதான் அவருடைய பட்டியல் முடிந்திருக்கிறது.

நம் நூறு வருடமும் அப்படித்தான். விடுபட்டவர்களையும் உள்ளே வைத்துக்கொண்டுதான் இங்கே வந்து சேர்ந்திருக்கிறது. பெயரைக் கூப்பிடுவது மட்டும்தான் மிச்சம்.